கயிற்றைச் சுற்றுவதற்கு முன்: பழைய பந்தய அவுட்போர்டு மோட்டாரைச் சீர்செய்யும் முறை

படகின் பின்னால் மாட்டும் பழைய பந்தய மோட்டார் (அவுட்போர்டு) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, அதன் உச்சியில் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பதுதான். இழுக்காதீர்கள். முப்பது, நாற்பது வருடம் கொட்டகையில் கிடந்த மோட்டாருக்குள், அன்று மசகாக ஊற்றிப் பிசினாகிப்போன விளக்கெண்ணெய் இருக்கும், பேரிங் ஊசிகளில் துரு இருக்கும், ஏதோ ஓர் எலி சேர்த்து வைத்த பஞ்சுகூட இருக்கும். துருவேறிய ஊசி ஒன்று கிராங்கின் மேல் ஒரு சுற்று உரசினாலே போதும், அந்த கிராங்க்‌ஷாஃப்ட்டுக்கு மாற்று தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே கயிறு.

எந்த மோட்டாரில் தொடங்குவது

அமெரிக்கப் பந்தய அவுட்போர்டுகளை வகுப்பு வைத்துத்தான் பேசுவார்கள். சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவே வகுப்பு: பி என்றால் 20 கன அங்குலம், சி என்றால் 30, டி 40, எஃப் 60. 1930களின் ஜான்சன் பந்தய மோட்டார்களில் கேஆர் ஏ வகுப்புக்கு, எஸ்ஆர் பி வகுப்புக்கு, பிஆர் சி வகுப்புக்கு. எவின்ரூட் 4-60 என்பது நாலு சிலிண்டர், 60 கன அங்குலம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. போருக்குப் பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் கார்ல் கீக்ஹேஃபர் கட்டிய மெர்க்குரி மோட்டார்கள் ஸ்டாக் வகுப்புகளை (தொழிற்சாலையில் வந்தபடியே ஓடும் மோட்டார்களுக்கானவை) கைப்பற்றின. 1958இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ஹியூ என்ட்ராப் மணிக்கு 107 மைலுக்கு மேல் போய்ச் சாதனை படைத்ததும் ஆறு சிலிண்டர் மெர்க்குரி மார்க் 75எச்சில்தான். ஐரோப்பாவில் பெர்லினின் கோனிக் மோட்டார்களுக்குத் தனிக் கூட்டம் உண்டு. மெத்தனாலில் ஓடும் அந்த ரகம் முதல் மோட்டாராக வாங்கத் தக்கதல்ல.

முதலில் வாங்குவதற்கு மெர்க்குரி கேஜி-7 அல்லது அதன் வழிவந்த மார்க் 20எச் நல்லது. இரண்டு சிலிண்டர், 2 7/16 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 2 1/8 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தம் 19.8 கன அங்குலம், அதாவது 325 சி.சி. அளவு. நிறைய தயாரான மோட்டார் என்பதால் ரிங்கும் கேஸ்கெட்டும் இன்றும் கிடைக்கின்றன. தனியொருவர் தூக்கி மேசையில் வைக்கலாம். இந்தக் குறிப்பின் பெரும்பகுதி இந்த மோட்டாரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 1930களின் ஜான்சன் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

வாங்குமுன் பார்ப்பது

பந்தய மோட்டாரில் 'எல்லாம் ஒரிஜினல்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பந்தயக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்ததை அடுத்த ஞாயிறுக்குள் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர்கள். ஒரு மோட்டாரின் தலை, இன்னொன்றின் கால் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி), மூன்றாவதன் கார்புரேட்டர் என்று சேர்ந்திருப்பது சகஜம். சாதாரண மீன்பிடி மோட்டாரின் பவர்ஹெட்டை, அதாவது மேலிருக்கும் எஞ்சினை, பந்தயக் காலின் மேல் ஏற்றி, பந்தய ரகமான எச் மாடல் என்று விற்பதும் நடக்கிறது. பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எழுத்தும் வரிசை எண்ணும் பழைய மோட்டார் ஆர்வலர் கழகங்கள் வைத்திருக்கும் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தகட்டின் ரிவெட்டுகள் புதுசாக மின்னினால் தகடே வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். அமெரிக்காவின் ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப்பில் இதையெல்லாம் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். விலை பேசுமுன் நாலு தெளிவான படம் அனுப்பிக் கேட்பது செலவில்லாத காரியம்.

கலவை மோட்டார் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஏரியில் ஓட்டி மகிழ அது போதும்; விலையைக் கலவைக்கு ஏற்ற விலையாகக் கொடுங்கள், அவ்வளவுதான்.

ஒதுக்க வேண்டியது வேறு. அலுமினிய உடலில் வெள்ளை உப்புப் பூத்து, குழி விழுந்திருந்தால் அது கடலில் ஓடியது. ஸ்க்ரூக்கள் ஒன்றுகூட முழுசாக வெளியே வராது. கிராங்க்கேஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் கனெக்டிங் ராடு ஒருமுறை வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கீழ்க்காலின் மூக்குப் பகுதியில் வெடிப்பு, முறிந்த ஸ்கெக் (காலின் அடியில் நீட்டியிருக்கும் துடுப்பு), கியர் ஆயில் மூடியைத் திறந்தால் பால்போல் வரும் எண்ணெய் ஆகியவை பணம் கேட்கும் குறைகள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக, ஒரு கால் சுற்று மட்டும், இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். சுற்றாமல் நின்றால் அது பிஸ்டன் பிடித்துக்கொண்ட மோட்டார்; கெட்ட மோட்டார் என்று அர்த்தமில்லை, விலையைக் குறைக்க நல்ல காரணம். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்போது 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது.

பிடித்துக்கொண்ட பிஸ்டன்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் 20 மி.லி. ஊற்றுங்கள். மோட்டாரைச் சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்குமாறு படுக்கவைத்தால்தான் திரவம் பிஸ்டன் தலையில் தங்கும். அசிட்டோன் ஆவியாகிவிடும் என்பதால் தினமும் கொஞ்சம் சேர்த்து, ஒரு வாரம் விடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்புறம் ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கலாம்; குழாய் மாட்டி நெம்பக் கூடாது. அசையவில்லையென்றால் சிலிண்டர் பிளாக்கின் வெளிப்புறத்தை ஹாட் ஏர் கன் வைத்து, கை தாங்காத சூடு வரும்வரை சூடேற்றி (முன்பு ஊற்றிய கலவை முழுக்க வடிந்து காய்ந்த பிறகு) மறுபடியும் முயலுங்கள்.

மெர்க்குரியில் ஒரு சங்கடம்: ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஜான்சனில் செய்வதுபோல் ஹெட்டைக் கழற்றி மேலிருந்து தட்ட முடியாது. பிஸ்டன் இறங்க மறுத்தால், பிளக் துளைக்குப் பொருந்தும் மரையுள்ள ஓர் இணைப்பைத் திருகி, கிரீஸ் கன் வைத்து கிரீஸை ஏற்றுவது வழி. போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்கள்) பிஸ்டனால் மூடியிருந்தால்தான் இது வேலை செய்யும். திறந்திருந்தால் கிரீஸ் எக்ஸாஸ்ட் வழியே வழிந்துவிடும். அழுத்தம் மெதுவாக ஏறும், மெதுவாகவே பிஸ்டன் நகரும். சுத்தியலைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பிரிப்பது

அமெரிக்க மோட்டார் என்றால் அங்குல ஸ்பேனர் வேண்டும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் 'கிட்டத்தட்ட' பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் முனைகளை உருட்டி விடுகிறது. கழற்றும் ஒவ்வொரு இடத்தையும் முதலில் படம் எடுத்து, போல்ட்டுகளை அட்டையில் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் இடம் மாறினால், நீளமானது உள்ளே போய் வாட்டர் ஜாக்கெட்டைத் துளைத்துவிடும்.

ஃப்ளைவீல் முதல் சோதனை. கிராங்கின் கூம்பு முனையில் அது பிடித்துக்கொண்டு நிற்கிறது. நட்டை முழுக்க எடுத்துவிடாமல், மரை முனையோடு சமமாக இருக்கும்வரை தளர்த்தி, ஃப்ளைவீலில் உள்ள மரைத்துளைகளில் புல்லரை மாட்டி இறுக்குங்கள். புல்லர் முழு இறுக்கத்தில் இருக்கும்போது அதன் நடு போல்ட்டின் தலையில் ஒரு கூர்மையான தட்டு; 'டங்' என்று விட்டுக்கொடுக்கும். விளிம்பில் உளி வைத்து நெம்பினால் ஃப்ளைவீல் வளையும், நேரடியாக கிராங்கில் அடித்தால் கிராங்க் வளையும். எடுத்ததும் கீ எனும் சிறு ஆப்பு போகும் பள்ளத்தின் மூலைகளைச் சுத்தம் செய்து, வெடிப்புக் காட்டும் சிவப்புச் சாயம் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த ஃப்ளைவீல் சுவரில் தொங்கட்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டும் மோட்டாரில், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், மூடி இல்லாமல் சுற்றும் இரும்பு அது.

உட்பகுதி

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் திரும்பச் செய்யலாம். இதில் தவறினால் மோட்டாரே போகும்.

கிராங்க்கேஸைப் பிரிக்கும்போது கீழே ஒரு தட்டும் வெள்ளைத்துணியும் இருக்கட்டும். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் தனித்தனி ஊசி உருளைகள் இருக்கும். மூடியைத் திறந்ததும் கொட்டும். ஒவ்வொரு ராடின் உருளைகளையும் தனிப் புட்டியில் போட்டு, எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். ஒன்று குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள், அது கிராங்க்கேஸுக்குள்தான் எங்கோ இருக்கிறது. ராடின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றக் கூடாது, தலைகீழாகவும் போடக் கூடாது. கழற்றுமுன் ராடிலும் மூடியிலும் ஒரே பக்கம் மார்க்கரால் குறியிடுங்கள். பஞ்ச் அடிக்க வேண்டாம், ராடின் வடிவம் கெடும்.

ஊசிகளைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பாருங்கள். நல்லது நேராக ஓடும், சத்தம் இருக்காது. ஒரு பக்கம் தட்டையானது தத்திக்கொண்டு போகும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால், பழசு தேய்ந்திருக்கும் அளவுக்குப் புதுசு மட்டும் முழுப் பாரத்தைச் சுமக்கும். கிராங்கில் ஊசிகள் ஓடும் இடத்தை நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்த கிராங்க் தேறாது. கறை மட்டும் இருந்து நகம் வழுக்கிப் போனால், மிக நுண்ணிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, நாடாபோல் சுற்றி இழுத்துப் பளபளப்பாக்கலாம்.

திரும்பப் பொருத்தும்போது கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து, மூடியை வைத்து, போல்ட்டுகளை விரலால் மட்டும் முறுக்குங்கள். இப்போது ராடும் மூடியும் சேரும் கோட்டை ஒரு தையல் ஊசியின் முனையால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நாலு மூலையிலும் ஊசிமுனை தடங்கலில்லாமல் கடக்க வேண்டும். படி போல் ஏதாவது உணர்ந்தால், மூடியை லேசாகத் தட்டிச் சரிசெய்து மறுபடி வருடுங்கள். சரியான பிறகே கையேட்டில் சொன்ன இறுக்கம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் அதில் ஏறி இறங்கும். ஒரே மாலையில் பேரிங் நீலமாகிவிடும்.

பிஸ்டன் தலையில் உள்ள மேட்டைக் கவனியுங்கள். செங்குத்தான பக்கம் கலவை உள்ளே வரும் போர்ட்டைப் பார்க்க வேண்டும், சரிவான பக்கம் எக்ஸாஸ்ட்டை. மாற்றிப் போட்டாலும் மோட்டார் ஓடும். ஆனால் உள்ளே வந்த கலவை எரியாமலேயே எக்ஸாஸ்ட்டில் போய்விடும். 'எல்லாம் புதுசு, ஆனால் வேகமே இல்லை' என்ற புகாருக்கு இது ஒரு வழக்கமான காரணம். ரிங்கை சிலிண்டருக்குள் தனியாகச் செருகி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்பது பழைய கணக்கு. இந்த மோட்டாருக்கு 0.010 அங்குலம் வரும். அதைவிட நெருக்கமாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடைந்து, போர்ட்டில் மாட்டும்.

மெர்க்குரியின் ரீட் வால்வுகள் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடுகள்) நடு மெயின் பேரிங்கிலேயே அமைந்திருக்கின்றன. தகடுகள் தங்கள் இருக்கையில் படிந்து கிடக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தாலோ நுனி உடைந்திருந்தாலோ புதுசு போடுங்கள். வளைந்த தகட்டை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்துவதோ திருப்பிப் போடுவதோ வேண்டாம். களைத்துப்போன எஃகு எந்த நேரமும் உடையும், உடைந்த துண்டு நேராக பேரிங்குக்குள்தான் போகும்.

வாட்டர் ஜாக்கெட் மூடிகளையும் திறந்தாக வேண்டும். உள்ளே சேறும் சுண்ணாம்பும் கல்லாக உறைந்திருக்கும். ஸ்க்ரூக்கள் முறியத் தயாராக இருக்கும். ஒவ்வொன்றையும் சூடேற்றி, மெழுகுவர்த்தியைத் தொட்டு மெழுகை மரைக்குள் உறிஞ்சவிட்டு, கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்றுதான் எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் திருகுகிறவர் டிரில் மிஷினையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

காற்றுக் கசிவுச் சோதனை

டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு கிராங்க்கேஸ் என்பது பம்பு. அதில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து கலவையை மெலிக்கும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதனால் புதுச் சீல்கள் போட்டுப் பூட்டியதும் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்த தகட்டால் அடைத்து, ஒரு பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிளக் துளை வழியே காற்றடிக்க வேண்டும். அந்த நிலையில் போர்ட்டுகள் திறந்திருப்பதால் காற்று கிராங்க்கேஸுக்கும் போகும். இதற்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர்க் குமிழும் முள் மீட்டரும் கச்சிதம்: 300 மி.மீ. பாதரசம் என்பது 5.8 பிஎஸ்ஐ, நமக்கு வேண்டியதும் 5 முதல் 6தான். ஒரு நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரை மேல் சீல், கீழ் சீல், கிராங்க்கேஸ் சேரும் கோடு ஆகிய இடங்களில் பூசிக் குமிழியைத் தேடுங்கள். அடுத்து மற்ற சிலிண்டருக்கும் இதேபோல.

தீப்பொறி

பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் மூன்று பொருள்தான் கெடும்: காயில், கன்டென்சர், பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை). கன்டென்சர் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். எழுபது வருடத்துக் காகிதமும் மெழுகும் உள்ளே என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்தால் சோதிக்கவே தோன்றாது. 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை உள்ளது பெரும்பாலும் பொருந்தும். காயிலின் பிரைமரியில் ஓம் மீட்டர் ஓர் ஓமை ஒட்டியும், செகண்டரியில் சில ஆயிரமும் காட்ட வேண்டும். மீட்டர் நல்லதென்று சொன்னாலும் மேற்பூச்சு வெடித்த காயிலை நம்ப வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது பொறி கொடுத்து, சூடானதும் ஏரியின் நடுவில் கைவிடுவது அதன் குணம்.

பாயிண்ட் முகங்களை மெல்லிய அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத்தாளை இடையில் வைத்து இழுத்து, தாள் கறைபடாமல் வரும்வரை துடையுங்கள். புதுப் பாயிண்டையும் துடைக்க வேண்டும், அதில் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். இடைவெளி இந்தக் காலத்து அமெரிக்க மோட்டார்களில் பெரும்பாலும் 0.018 முதல் 0.020 அங்குலம்; உங்கள் மாடலின் கையேட்டில் சொன்ன எண்ணே இறுதி. இரண்டு பாயிண்டுக்கும் இடைவெளி துல்லியமாக ஒன்றாக இருக்கட்டும். ஒன்று அகலமாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் பொறி முந்திவிடும்.

ஃப்ளைவீலைத் திரும்ப ஏற்றுமுன் கூம்பைப் பாருங்கள். ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது கூம்பின் உராய்வுதான். கீ என்பது திசை காட்ட மட்டும். வால்வு அரைக்கும் மெல்லிய பசையைக் கொஞ்சம் தடவி, கீ இல்லாமல் ஃப்ளைவீலை வைத்து, கால் சுற்று இடமும் வலமும் பத்துத் தடவை அசைத்து எடுங்கள். கூம்பில் மங்கலான சாம்பல் நிறம் பட்ட இடமெல்லாம் தொட்ட இடம். முக்கால் பங்குக்கு மேல் சாம்பலானால் போதும். பிறகு பசையின் தடமே இல்லாமல் கழுவி, எண்ணெய் தடவாமல், உலர்வாகப் பொருத்த வேண்டும். எண்ணெய் தடவிய கூம்பு கீயை வெட்டிவிட்டுச் சுழலும்.

பொறியைச் சோதிக்கும்போது 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டினால் நல்ல மேக்னெட்டோ. பிளக் ஒயர்களை எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டு மோட்டாரைச் சுற்றக் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உள்காப்பைத் துளைக்கும்.

எரிபொருள்

டில்லட்ஸன் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது ஊரறிந்த வேலை. ஜெட்டுகளில் கம்பி விடாதீர்கள், தூரிகை மயிர் போதும். தொல்லை மிதவையில்தான். பழைய மிதவைகள் தக்கையில் செய்து ஷெல்லாக் பூசியவை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஷெல்லாக்கைக் கரைத்து, தக்கை எண்ணெய் குடித்து மூழ்கி, கார்புரேட்டர் வழியும். தக்கையை நன்றாக உலர்த்தி, பழைய பூச்சைச் சுரண்டி, சூப்பர் குளூவை மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசினால் எத்தனால் அதைத் தொடாது. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதையே வாங்கலாம்.

எண்ணெய்க் கணக்கு பேரிங்கைப் பொறுத்தது. ஊசி பேரிங் உள்ள மெர்க்குரியை ஏரியில் மிதமாக ஓட்ட 24க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 42 மி.லி. டிசி-டபிள்யூ3 ரக அவுட்போர்டு எண்ணெய். பந்தய வேகத்தில் ஓட்டுவதாக இருந்தால் 16க்கு 1, லிட்டருக்கு 62 மி.லி. வெண்கலப் புஷ் உள்ள பழைய மோட்டார்களுக்கு எப்போதுமே 16க்கு 1தான். புகை வரும், வரட்டும்.

மெத்தனாலில் ஓடிய மோட்டார் என்றால் விளக்கெண்ணெய் வாசனையும் கெட்டிப் பிசினும் காட்டிக்கொடுக்கும். ஜெட்டின் துளையும் பெரிதாக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் மெத்தனாலுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாய வேண்டும். பெட்ரோலுக்குத் திருப்புவதானால் ஜெட்டை மாற்றி, உயர்த்திய கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். மெத்தனாலிலேயே ஓட்டுவோம் என்பவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை: அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். ஓட்டி முடித்ததும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்ததை ஊற்றி ஒருமுறை ஓட்டிக் கழுவாவிட்டால், அது காற்றிலிருந்து இழுத்த ஈரம் ஒரே வாரத்தில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

கீழ்க்கால்

பந்தயக் கால் மெல்லியது, கியர் பெட்டி எலுமிச்சம்பழம்போல் கூரானது, நியூட்ரல் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயும் கொஞ்சமே. ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் மாற்றுங்கள். கியர் பற்களில் நீலமை தடவிச் சுற்றினால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். முனையில் விழுந்தால் ஷிம் தகடு கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். பல்லின் மேல்தோல் உரிந்து குழி தெரிந்தால் ஷிம் போட்டுப் பயனில்லை. ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் தண்ணீரை உள்ளே விடும். லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றுவது நிரந்தர வழி. வெண்கல புரொபெல்லரின் முனைகளை நீங்களே அரத்தால் ராவ வேண்டாம், பந்தய விசிறியின் விளிம்பு வடிவத்தில்தான் வேகம் இருக்கிறது.

முதல் ஓட்டம்

இனி கயிறு. ஆனாலும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டி முறுக்கிப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. நம் கடற்கரை மெக்கானிக்குகளுக்கு அது கைவந்த பழக்கம். வாட்டர் பம்பு உள்ள மோட்டாருக்குச் சரி. பல பந்தயக் கால்களில் பம்பே இல்லை. படகு பாயும் வேகத்தில் தண்ணீர் தானாக உள்ளே தள்ளப்பட்டு மேலேறும். நின்ற இடத்தில் ஓடினால் தண்ணீர் போகாது. அதனால் பிளாக்கின் நீர் நுழைவாயில் தோட்டக்குழாயை மெதுவான பாய்ச்சலில் இணைத்து, புரொபெல்லரைக் கழற்றி, குறைந்த வேகத்தில் இருபது முப்பது விநாடி மட்டும் ஓட்டுங்கள். பாரமில்லாமல் த்ராட்டிலைத் திறந்தால் ராடு உடைந்து வெளியே வரும்.

படகில் ஏறுமுன் மேக்னெட்டோவை எர்த் செய்து நிறுத்தும் கில் சுவிட்சும், அதன் கயிறு உங்கள் லைஃப் ஜாக்கெட்டிலும் இருக்க வேண்டும். பழைய மோட்டாரில் இது இருந்திருக்காது, பொருத்துங்கள். கையை விட்டதும் ஸ்பிரிங் இழுத்து மூடும் த்ராட்டிலும் அதேபோல் கட்டாயம். நியூட்ரல் இல்லாததால் கயிறு இழுத்த கணமே படகு கிளம்பும். முன்னால் ஐம்பது மீட்டர் வெறும் தண்ணீராக இருக்கட்டும், பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவை மாற்றும் ஹை ஸ்பீடு நீடிலை ஒன்றரைச் சுற்று திறந்த நிலையில், கலவை கொழுத்தே (பெட்ரோல் மிகுந்தே) தொடங்குங்கள். மோட்டார் கரகரத்து, புகைந்து, சோம்பலாக ஓடும். இரண்டு நிமிடம் அரை வேகம், நிறுத்தி ஆறவிடல், மறுபடி இரண்டு நிமிடம் என ஐந்தாறு தடவை ஓட்டிய பிறகே எட்டில் ஒரு பங்கு சுற்றாக நீடிலை மூடிக்கொண்டு வாருங்கள். குரல் தெளிந்து வேகம் ஏறும். இன்னும் மூடினால் ஒரு கணம் இன்னும் வேகமாகப் போவதுபோலிருந்து பிறகு தளரும். அந்தத் தளர்ச்சி பிஸ்டன் உருகத் தொடங்கும் எல்லை, உடனே கால் சுற்று திறந்துவிடுங்கள். சந்தேகம் தீர, முழு வேகத்தில் ஓடும்போதே கில் சுவிட்சை இழுத்து நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக, சின்னச் சின்ன அலுமினியத் துளிகளோடு இருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

வண்ணம்

இதைக் கடைசியில் சொல்லக் காரணம் உண்டு, பலர் இதில்தான் தொடங்கிப் பணத்தைத் தீர்க்கிறார்கள். பழைய டெக்கால் பாதியாவது மிஞ்சியிருந்தால் மெழுகு பூசி அப்படியே விடுங்கள். பூசியதை எடுத்து அசலைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. முழுக்கப் போயிருந்தால் மட்டும் புது வண்ணம். கேஜி வரிசைக்கு அந்தப் பச்சைதான் அடையாளம். மூடியின் உட்புறத்திலோ தகட்டின் அடியிலோ வெயில் படாத பச்சை இருக்கும், அதை வைத்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தில் நேரடியாக அடித்த பெயின்ட் உரியும். எட்ச் பிரைமர் முதலில். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதாக இருந்தால் கிராங்க்கேஸுக்கு வேண்டவே வேண்டாம், ஒரு மணல் பருக்கை எங்கோ ஒளிந்திருந்து பேரிங்கைத் தின்னும்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது கார்புரேட்டரை வடித்து, பிளக் துளைகளில் இரண்டு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, கையால் நாலு சுற்றுச் சுற்றி, கீழ்க்காலில் புது எண்ணெய் நிரப்பி, மோட்டாரைச் செங்குத்தாகவே ஸ்டாண்டில் மாட்டுங்கள். படுக்கவைத்தால் காலில் தங்கிய தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்கு வந்துவிடும். ஸ்டார்ட்டர் கயிற்றைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பார்க்க வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கத் தோன்றும்.